ஞாயிற்றுக்கிழமைக்கு ஆகாத களிம்பு

வெண்டல் மெடெய்ரோஸ் இருபத்தெட்டு வருஷ மணவாழ்வில் முதன்முறையாக மனைவியின் அலமாரியைச் சோதனை போட்டார். கையில் பூதக்கண்ணாடி. முகத்தில் தியாகம்.

"நோரீன்! நம்ம வீட்டுல விஷம் இருக்கு!"

"நேத்து வச்ச சூப்பையா சொல்ற?"

"விளையாடாதே. ஆக்ஸிபென்சோன்!"

"பேரு நல்லாருக்கே. யாரு பொண்ணு?"

"சன்ஸ்கிரீன்ல கலக்குற ரசாயனம். தோல்ல தடவினா ரத்தத்துல போய்ச் சேருதாம். பவளப்பாறைக்கு ஆகாதுன்னு நம்ம ஹவாயில விக்கவே தடை. உங்க அக்கா லாஸ் வேகாஸ் போறப்பல்லாம் பை நிறைய வாங்கிட்டு வந்து உன் தலையில கட்டுறா!"

மூன்று களிம்பு, ஒரு முகப்பூச்சு, இரண்டு உதட்டுச்சாயம் எல்லாம் குப்பைக்கூடைக்குப் போயின. போனபின் வெண்டல் குரலைத் தழைத்துக்கொண்டார்.

"பூசிக்க ஒண்ணுமில்ல. இந்த வெயில்ல கடற்கரை எதுக்கு? ஞாயித்துக்கிழமை வீட்டுலயே இருந்துடலாம். உன் உடம்புதான் எனக்கு முக்கியம்."

ஞாயிறுக்குப் பயந்து ஞாயிறன்று வீட்டில் இருப்பது. இதுதான் திட்டம். அன்று மனைவியின் அக்கா சார்லீனுக்கு அறுபதாவது பிறந்தநாள், போய்ப்பூ கடற்கரையில். போய்ப்பூவுக்குப் போய்விட்டால் ஐஸ் பெட்டி சுமக்க வேண்டும், சகலை பிடித்த மீனின் நீளத்தைக் கேட்க வேண்டும். மீன் வருஷத்துக்கு ஓரடி வளரும். தொலைக்காட்சியிலோ காலையிலேயே ஃபுட்பால்.

நோரீன் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"இவ்வளவு அக்கறையா உனக்கு? இத்தனை நாள் தெரியாமப் போச்சே!"

அங்கேயே வெண்டல் உஷாராகியிருக்க வேண்டும். உச்சி குளிர்ந்துபோனதால் ஆகவில்லை.

மறுநாள் அவரை மருந்துக்கடைக்கு அழைத்துப் போனாள். கடைக்காரப் பெண் பொறுமையாகச் சொன்னாள்.

"ரத்தத்துல சேருறது உண்மைதான் அங்கிள். அதனால கெடுதலான்னு இன்னும் ஆராய்ஞ்சிட்டிருக்காங்க. ஆனா வெயில் கெடுதல்ங்கறதுல சந்தேகமே இல்ல. ஒண்ணும் பூசாம மட்டும் போகாதீங்க. பயமா இருந்தா துத்தநாகக் களிம்பு போடுங்க. எல்லாத்தையும் விட நல்லது முழுக்கைச் சட்டை, நிழல்."

"நிழலுக்குக் கவலையே இல்லம்மா," என்றாள் நோரீன். "அங்கிள் பாத்துக்குவாரு."

எந்த அங்கிள் என்று வெண்டலுக்கு ஞாயிறு விடியலில் தெரிந்தது. லாரியில் நான்கு கூடாரங்கள் ஏறியிருந்தன. குடும்பம் மொத்தத்துக்கும் நோரீன் போன் போட்டு, "வெண்டலுக்கு உங்க எல்லார் தோல் மேலயும் ஒரே கவலை" என்று சொல்லி வைத்திருந்தாள்.

முப்பத்திரண்டு பேருக்கு அவர் நிழல் கட்டினார். பதினாறு கம்பு. காற்று இரண்டு கூடாரத்தைப் பிடுங்க, மறுபடி நட்டார். முகமெல்லாம் வெள்ளைக் களிம்பு. ஒரு குழந்தை பார்த்து அலறியது, இன்னொன்று தொட்டுப் பார்த்துச் சிரித்தது.

ஆனாலும் பொய் சொல்லக்கூடாது. நிழலில் உட்கார்ந்ததும் நோரீனே தட்டு நிறையக் கோழியும் சோறும் மக்ரோனி சாலடும் கொண்டுவந்தாள். கடற்காற்று இதமாக இருந்தது. சகலையின் மீன்கூட அன்று கொஞ்சம் குட்டையாகத் தெரிந்தது.

அப்போது சார்லீன் வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். கண் கலங்கியிருந்தது.

"உனக்கு எப்படி நன்றி சொல்றது வெண்டல்? என் மச்சத்தை அறுத்தெடுத்த டாக்டர், வெயில்ல நிக்கவே கூடாதுன்னுட்டாரு. பார்ட்டியே வேண்டாம், விட்டுடலாம்னு வியாழக்கிழமை நோரீன்கிட்ட போன்ல அழுதேன். மறுநாளே கூப்பிட்டு, 'நிழலுக்கு வெண்டல் பொறுப்பு, தைரியமா வா'ன்னா!"

வெண்டல் விரலை மடக்கிப் பார்த்தார். அவர் அலமாரியைச் சோதனை போட்டதும் அதே வெள்ளிக்கிழமைதான்.

மெல்லத் திரும்பி மனைவியைப் பார்த்தார்.

"வாயைத் திறக்காதே," என்றாள் நோரீன், அவர் மூக்கில் இன்னும் கொஞ்சம் களிம்பை அப்பியபடி. "உள்ள போயிடும்."