நான் ஆற்றிய வைன்

பெண் பார்க்கப் போகிற ஆண்கள் எல்லோரும் ஒரு பொய்யாவது சொல்லியிருப்பார்கள். நான் சொன்ன பொய்யின் அளவு, சரியாக ஒரு போத்தல்.

எண்பதுகளின் கடைசி. லண்டனில் பாடிங்டன் பக்கம் ஒரு ஹோட்டலின் நிலவறையில் வைன் கிளாஸ் கழுவிக்கொண்டிருந்தேன். லூயிஷாம் கோயிலில் சாம்பார் பரிமாறிய மாலினியைப் பார்த்த நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை (அன்றைக்குச் சாம்பார் மட்டும் மூன்று முறை வாங்கினேன்). அக்கா யார் யாரிடமோ பேசி, ஹரோவில் இருந்த அவர்கள் வீட்டில் ஒரு சனிக்கிழமை மத்தியானம் என்னைக் கொண்டுபோய் இருத்திவிட்டாள்.

மாலினியின் அப்பா குணரத்தினம் அங்கிள், கணக்காளர். "தம்பிக்கு ஹோட்டலில என்ன வேலை?" என்று கேட்டார். கதவடியில் மாலினி நின்றாள். என் நாக்கில் சனி ஏறி உட்கார்ந்தது.

"வைன் பகுதி முழுக்க என்ர பொறுப்பு, அங்கிள். மணத்தை வைச்சே எந்த ஊரெண்டு சொல்லுவன்."

(அக்கா என் காலை மிதித்தாள்.)

அங்கிள் துள்ளி எழுந்தார். மாடிப்படிக்குக் கீழே இருந்த அலுமாரியிலிருந்து, பச்சைப்பிள்ளையைத் தூக்குவதுபோல ஒரு போத்தலைத் தூக்கி வந்தார். ஓய்வுபெற்றுப் போன அவருடைய வெள்ளைக்கார முதலாளி கொடுத்த சிவப்பு வைனாம். பிரான்சில் ஒரு மலைச்சரிவில் பல நூறு வருசமாக இருக்கிற திராட்சைத் தோட்டமாம். வெயில் விழுகிற அந்த ஒரு சரிவில்தான் இந்தப் பழம் விளையுமாம். பெரிய பெரிய மாளிகைகளுக்கே எண்ணித்தான் கொடுப்பார்களாம். கோயில் தலபுராணம்போல ஒன்றுவிடாமல் சொன்னார்.

"பத்து வருசமாப் பொத்தி வைச்சிருக்கிறன் தம்பி. மாலினிக்குச் சம்பந்தம் சரிவாற அண்டைக்குத் திறக்கிறதெண்டு. விசயம் தெரிஞ்ச ஆள் நீர் வந்திட்டீர். திறவும்!"

சம்பந்தம் சரிவருகிற அன்றைக்கு! என் நெஞ்சுக்குள் கெட்டிமேளம் கொட்டியது. இந்தப் போத்தலை ஒழுங்காகத் திறந்தால் மாலினி எனக்கு!

தக்கை பாதி நொறுங்கி உள்ளே விழுந்தது. அதற்கென்ன, தேத்தண்ணி வடியைக் கேட்டு வாங்கி வடித்தேன்.

"கொஞ்ச நேரம் காத்துப் படவேணுமெண்டு பொஸ் சொன்னவர்," என்றார் அங்கிள்.

காற்றா? அது எனக்குத் தெரியாத வித்தையா! இரண்டு சில்வர் ஜக்குகளை எடுத்தேன். ஒன்று தோளுக்கு மேலே, மற்றது இடுப்புக்குக் கீழே. அந்தப் பெருமைமிக்க வைனைத் தேத்தண்ணி ஆற்றுவதுபோல ஆற்றினேன், ஐயா, ஆற்றினேன்! நுரை பொங்கியது. மாலினி பார்க்கிறாள் என்ற உற்சாகத்தில் கையை இன்னும் ஒரு முழம் உயர்த்தினேன். பாதி வைன் அவர்களுடைய பால்நிறக் கார்ப்பெட்டில் இறங்கியது.

அங்கிள் மீதியில் ஒரு வாய் குடித்துவிட்டுக் கண்ணை மூடினார்.

"உங்கட ஹோட்டலில இப்பிடித்தான் செய்யிறவையோ?"

"ஓம் அங்கிள்... இது புது முறை."

மாலினி முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள்.

"தம்பி, உண்மையைச் சொல்லும். என்ன வேலை?"

"கிளாஸ் கழுவுறனான், அங்கிள்."

"வடிவாக் கழுவுவீரோ?"

"ஒரு கறை இருக்காது."

"அப்ப இந்தக் கார்ப்பெட்டைக் கழுவும்!"

முழங்காலில் நின்று தேய்த்தேன். வெட்கத்தில் அழுகை முட்டியது. எல்லாம் போச்சு என்றே நினைத்தேன். திரும்பி வரும்போது ரயில் முழுக்க அக்கா ஏசிக்கொண்டே வந்தாள்.

மூன்றாம் நாள் தொலைபேசி வந்தது. சம்மதமாம்! அக்கா நம்பாமல் இரண்டு தரம் கேட்டாள். மாலினி தகப்பனிடம் சொன்னாளாம்: "அப்பா, இவருக்குப் பொய் சொல்ல வராது. முழிசுற முழியிலயே தெரியுது. இப்பிடி ஒருத்தர் இனிக் கிடைக்கமாட்டார்." நான் துள்ளிய துள்ளலில் ஹோட்டலில் ஆறு கிளாஸ் உடைந்தது.

அதன்பிறகு எங்கள் குடும்பத்தில் மாப்பிள்ளை பார்க்கும் முறையே மாறிவிட்டது. சாதகம், படிப்பு, வேலை எல்லாம் பிறகுதான். எந்தப் பையன் வந்து இருந்தாலும் மாமா (அதே குணரத்தினம் அங்கிள்தான்) கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "எங்க தம்பி, ஒரு பொய் சொல்லும் பாப்பம்," என்பார். திருதிருவென்று முழித்தால் பாஸ்.

போன வருசம் என் மகளைக் கேட்டு வந்த டொக்டர்ப் பையன், கண் இமைக்காமல் அழகாக ஒன்றைச் சொன்னான். மாமா பலகாரம் கட்டிக் கொடுத்து அனுப்பிவிட்டார்.