அக்டோபரில் விழித்த கரடி

"டிவியில அந்தக் கரடி பனியில தனியா நடந்து போற இடத்துல சோப்பு விளம்பரம் வந்து வெட்டிடுச்சே, ஞாபகம் இருக்கா? இந்த ரெகார்டுல அது முழுசா இருக்காம். ரெண்டாவது பக்கம்."

கொலம்பஸ் தெரு இசைத்தட்டுக் கடையில், எனக்குப் பின்னால் நின்ற யாரோ யாரிடமோ சொன்னது. நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கை தானாக நீண்டது. அடுத்த நிமிஷம் ரெகார்டு என் கோட்டுக்குள் இருந்தது. பயப்படாதீர்கள், காசு கொடுத்துத்தான்.

போன டிசம்பரில் அந்தக் கார்ட்டூனைப் பார்க்காத வீடு எங்கள் சான்ஃபிரான்சிஸ்கோவில் கிடையாது. குளிர்காலம் முழுக்கத் தூங்க வேண்டிய குட்டிக் கரடி ஒன்று பாதியில் விழித்து, கிறிஸ்துமஸ் என்றால் என்ன என்று தேடிக் கிளம்பும். ஊரே கரடியைப் பார்த்தது. நான் கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். பியானோ, பாஸ் என்கிற ஆளுயரத் தந்தி வாத்தியம், டிரம்ஸ். மூன்றே பேர், அதுவும் நம் ஊர் கிளப்பில் வாசிக்கிறவர்கள்! கரடி பனியில் இறங்கியதும் பாஸ் மட்டும் தனியாக 'தும்... தும்...' என்று புறப்பட்டது. என் உயிரும் கூடவே புறப்பட்டது. அந்த நேரம் பார்த்துச் சோப்பு வந்தது. அன்று போன உயிர் இன்னும் வீடு திரும்பவில்லை.

இப்போது அது என் கோட்டுக்குள்! டிராமில் வீடு திரும்பும்போது என் நெஞ்சு அடித்துக்கொண்டதற்குத் தாளம்கூடச் சரியாக இருந்தது.

ஒரே ஒரு சிக்கல். அது அக்டோபர் மாதம்.

எங்கள் வீட்டில் இரண்டு சட்டங்கள் உண்டு. முதலாவது என் மனைவி வெர்னா போட்டது. நவம்பர் கடைசியில் வரும் தேங்க்ஸ்கிவிங் விருந்து வான்கோழியின் கடைசி எலும்பு சூப்புச் சட்டிக்குள் போகும்வரை வீட்டில் கிறிஸ்துமஸ் பாட்டு கூடாது. ஒரு மணிச்சத்தம்கூடக் கூடாது. இரண்டாவது நான் போட்டது. கிறிஸ்துமஸ் ஆரம்பித்த பிறகுதான் மாமியார் ஃப்ரெஸ்னோவிலிருந்து வரலாம், புத்தாண்டு பிறந்ததும் கிளம்பிவிட வேண்டும். கல்யாணமான புதிதில் மேஜையைக் குத்திச் சொன்னேன். என் வாழ்க்கையில் நான் ஜெயித்த ஒரே வழக்கு. மாமியார் தங்குவது பின்னறையில். என் ரெகார்டு பிளேயரும் என் சாய்வு நாற்காலியும் இருப்பது அதே பின்னறையில். அதனால்தான் குத்து கொஞ்சம் பலமாக விழுந்தது.

ஆக, பாட்டுக்கு அனுமதி வரும்போது மாமியாரும் வந்துவிடுவார். கேட்டால் இப்போதே கேட்க வேண்டும். இல்லையென்றால் ஜனவரி!

திட்டம் போட்டேன். கரடி படம் போட்ட அட்டையை மெத்தைக்கு அடியில் செருகினேன். ரெகார்டை வேறொரு அட்டைக்குள் மாற்றினேன். அதில் குளியல் உடையில் ஒரு பெண் கடற்கரையில் சிரித்துக்கொண்டிருந்தாள். சனிக்கிழமை மத்தியானம், வெர்னா சமையலறையில் இருந்தபோது, முதல் பக்கத்தைப் போட்டேன். நல்ல ரசிகன் நடுவிலிருந்து கேட்க மாட்டான். அதுதான் நான் செய்த தப்பு.

கையில் பாதி சீவிய உருளைக்கிழங்கோடு வெர்னா வந்தாள்.

"என்ன பாட்டு ஆர்வின்?"

"கோடைக்கால ஜாஸ். அட்டையப் பாரு, என்னா வெயில்!"

"வெயில் சரி. பின்னாடி எதுக்கு மணி அடிக்குது?"

"ஐஸ்கிரீம் வண்டி வெர்னா."

"ஓ. பசங்க வேற பாடறாங்களே?"

"ஐஸ்கிரீம் வாங்க வந்த பசங்க."

"ஐஸ்கிரீம் வாங்க வந்தவங்க எதுக்குப் பனி கொட்டுதுன்னு பாடறாங்க?"

"அது... ஒரு பையன் கீழ கொட்டிட்டான்."

அவள் கோபப்படவில்லை. நாற்காலியின் கைப்பிடியில் உட்கார்ந்தாள். கால்கூடத் தாளம் போட்டது. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

"சரி, இருக்கட்டும். இதுல கிறிஸ்துமஸ் எதுவும் இருக்கற மாதிரி எனக்குத் தெரியல. பெரிய கடை லிஃப்டுல போடுவாங்களே, அந்த மாதிரி இருக்கு."

"எது? லிஃப்டா?"

"நாலாவது மாடி, பெண்கள் செருப்புப் பிரிவு."

ஜாஸ் பிடித்தவனை என்ன வேண்டுமானாலும் சொல்லலாம். லிஃப்ட் என்று மட்டும் சொல்லக் கூடாது. நான் நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தேன்.

"காதத் தொறந்து கேளு! அந்தப் பியானோவுல பனி கொட்டுது! டிரம்ஸுல பனிச்சறுக்கு வண்டி ஓடுது! இது கிறிஸ்துமஸ் இல்லன்னா உலகத்துல எதுதான் கிறிஸ்துமஸ்?"

"அப்ப நம்ம வீட்டுல கிறிஸ்துமஸ் ஆரம்பிச்சாச்சுங்கறியா?"

"ஆரம்பிச்சாச்சு!"

"சத்தமா சொல்லு, கேக்கல."

"ஆரம்பிச்சாச்சு! ஆரம்பிச்சாச்சு!"

வெர்னா எழுந்து நடைக்கூடத்துக்குப் போனாள். டெலிபோன் ரிசீவர் ஏற்கெனவே மேஜைமேல் மல்லாந்து கிடந்தது. எடுத்துக் காதில் வைத்தாள்.

"கேட்டுச்சாம்மா?"

"ஃப்ரெஸ்னோ முழுக்கக் கேட்டுச்சு. செவ்வாய்க்கிழமை பஸ்ல வரேன்!"

என் மாமியார் ஹல்டாவின் குரலுக்கு டெலிபோன் தேவையே இல்லை. நான் வெர்னாவின் பக்கம் திரும்பினேன்.

"உனக்கு... எப்படித் தெரிஞ்சது?"

"இன்னைக்குப் படுக்கை விரிப்பு மாத்தற நாள். மெத்தை மேல படுக்கறதுதான் உன் வேலை ஆர்வின். தூக்கறது என் வேலை."

முதல் பக்கம் முடிந்து ஊசி கரகரத்தது.

"ரெண்டாவது பக்கம் மட்டும் போட்டுக்கறேனே?"

"அம்மா வர்றதுக்குள்ள அந்த ரூமுக்குப் பெயிண்ட் அடிக்கணும். பிரஷ்ஷ எடு."

பிளேயரின்மேல் பழைய போர்வை விழுந்தது. செவ்வாய்க்கிழமைவரை அது விலகவில்லை. நான் சுவர்களைப் பார்த்து 'தும் தும்' என்று வாயால் வாசித்துக்கொண்டே பெயிண்ட் அடித்தேன்.

மாமியார் இரண்டு பெட்டிகளோடும் இறகு வைத்த தொப்பியோடும் வந்து இறங்கினார். என் இரண்டு கன்னங்களையும் பிடித்து ஆட்டினார்.

"இவ்வளவு சீக்கிரம் கூப்பிடற மனசு எந்த மாப்பிள்ளைக்குப்பா வரும்!"

சாயங்காலம் காபியை ஒரு சாக்காக எடுத்துக்கொண்டு பின்னறைக்குப் போனேன். புதுப் பெயிண்ட் வாசனை. என் நாற்காலியில் மாமியார். பிளேயரில் இரண்டாவது பக்கம் சுற்றிக்கொண்டிருந்தது. பியானோ மெல்ல ஓய்ந்தது. பாஸ் முதல் அடியை எடுத்து வைத்தது.

தும்.

"அத்தை, நானும் கொஞ்சம் இங்கயே நின்னு..."

"ஷ்ஷ்! போன வருஷம் இந்த இடத்துலதான் சோப்பு வந்து கெடுத்துச்சு."

கோப்பையை வாங்கிக்கொண்டு, காலை நீட்டிக் கதவைச் சாத்தினார்.