வாசலுக்கு வந்து சேராத கோடு

பாண்டிச்சேரியில் ஓயாதவை இரண்டு. ஒன்று கடல், இன்னொன்று எங்கள் சங்கிலி சார். கடலாவது சில நாள் அடங்கிக் கிடக்கும்.

அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் என்னவென்று யாருக்கும் தெரியாது. நில அளவை சொல்லிக்கொடுத்தவர். அளவைச் சங்கிலியைத் தோளில் மாலைபோலப் போட்டுக்கொண்டு திரிந்ததால், எங்கள் பழைய தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் துணைவேந்தர் முதல் கேன்டீன் பூனை வரை எல்லோருக்கும் அவர் சங்கிலி சார்தான். பிள்ளைகளைச் சேர்க்க வரும் அப்பாக்கள், "காலேஜப் பத்திக் கொஞ்சம் சொல்லுங்க சார்" என்று தப்பித்தவறிக்கூடக் கேட்டுவிடக் கூடாது. "சொல்றதுக்கு இன்னா இருக்கு, நடங்க" என்று சங்கிலியின் ஒரு முனையைக் கையில் கொடுத்துவிடுவார். மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் பட்டறை வைத்திருந்த என் அப்பாவும் சிக்கினார். ஒர்க்‌ஷாப், நூலகம், விடுதி, தண்ணீர்த் தொட்டி எல்லாம் அளந்து திரும்பியவர், மூச்சு வாங்கக் கேட்டார்: "டேய், சீட்டு உனக்கா எனக்கா?"

சாருக்கு ஒரே ஒரு மனக்குறை. ஆண்டுதோறும் சிவில் மாணவர்கள் வளாகத்தைச் சுற்றி அளந்து வரைபடம் போடவேண்டும். மெயின் கேட் பக்கம் அடித்திருந்த மர முளையில் காலையில் தொடங்கி, சாயங்காலம் அதே முளையில் முடிக்கவேண்டும். காகிதத்திலும் கடைசிக் கோடு தொடங்கிய புள்ளிக்கே வந்து சேரவேண்டும். எங்கள் வளாகத்தில் அது சேர்ந்ததே இல்லை. ஒரு வருடம் கேட் செக்யூரிட்டி அறைக்குள் நுழைந்துவிட்டது. இன்னொரு வருடம் சாக்கடையில் விழுந்தது.

எங்கள் முறை வந்தபோது அவர் ஓய்வுபெறும் மாதம். "கோடு சேராம நான் வூட்டுக்குப் போவ மாட்டேன்பா" என்றார். கண் கலங்கியிருந்தது.

எங்களில் செல்வம் வீராம்பட்டினத்துக்காரன். மறுநாள் அவன் ஊரில் தேர். அளவு முடியாவிட்டால் தேரும் போச்சு, சாரின் ஆசையும் போச்சு. இரண்டையும் யோசித்தவன் மரத்தடியில் உட்கார்ந்து, விடையிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டு அளவுகளை எழுதிவிட்டான். கோடு புள்ளியில் கச்சிதமாக வந்து உட்கார்ந்தது.

சார் துள்ளுவார் என்று காத்திருந்தோம். அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"மயிரிழை தப்புகூட இல்ல. மனுஷன் அளந்தா இப்படி வராது. எவன்டா சமைச்சது?"

செல்வம் கையைத் தூக்கினான். "உங்களுக்காகத்தான் சார்."

"எனக்காகன்னா நெசமா அளடா. காலைல எல்லாரும் கேட்டுக்கு வாங்க. இந்தத் தபா மொளைகிட்ட நானே நிக்கறேன்."

இத்தனை வருடமும் அவர் எல்லோருக்கும் முன்னால் நடந்துகொண்டே இருந்தவர். தொடங்கிய இடத்தில் நின்று பார்த்ததே இல்லை. அன்று நின்றார். உச்சி வெயில் சாய்ந்ததும், பாதி அளந்துவிட்டு நாங்கள் டீ குடிக்கத் திரும்பிய நேரம், கேட் ஓரத்து டீக்கடை அக்கா வந்தார். "கொஞ்சம் தள்ளுங்க சார்" என்று முளையைப் பிடுங்கி, பத்தடி தள்ளி அடித்து, தார்ப்பாய்க் கயிற்றை அதில் இழுத்துக் கட்டினார்.

சங்கிலி தோளிலிருந்து நழுவி விழுந்தது.

"என்னாம்மா பண்ற?"

"நெழலு நவுந்துடுச்சே சார். நாளைக்குக் காலைல மறுபடி அங்கயே அடிச்சிடுவேன்."

"எத்தினி வருஷமா?"

"கடை போட்டதுலேர்ந்து. நல்ல கட்டை சார், அசையவே அசையாது."

சார் சிரித்த சிரிப்பில் டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் எழுந்து நின்றுவிட்டார்கள். அக்காவுக்கு ஒர்க்‌ஷாப்பிலிருந்து தார்ப்பாய் கட்ட இரும்புக் கம்பி ஒன்று வாங்கிக் கொடுத்தார். முளையைப் பழைய குழியிலேயே இறக்கி, மண் போட்டு மிதித்து, "மிச்சத்தையும் நடங்கடா" என்றார். நடந்தோம். சாயங்காலம் கணக்குப் போட்டுப் பார்த்தால் ஒரு சாண் இடித்தது.

"ஒரு சாண்! இது நம்ம தப்புடா, நெசமான தப்பு" என்று செல்வத்தைக் கட்டிக்கொண்டார். பிறகு, "தேரு நிலைக்கு வந்திருக்கும். வண்டிய எடு, நீ ஏன் வரலன்னு உங்கம்மாகிட்ட நானே வந்து சொல்றேன்" என்று சங்கிலியோடு அவன் பைக்கில் ஏறி உட்கார்ந்தார்.

அந்த முளை இன்னமும் அங்கேதான் இருக்கிறது. கேட்டைக் கடக்கும்போதெல்லாம் அதை மிதிக்காமல் சுற்றித்தான் போகிறேன். சார் அங்கே நின்றுகொண்டிருப்பது போலவே இருக்கிறது எனக்கு.