அழுங்குக்கு ஆம் சொன்ன வரி

ஒரு காட்டில் சிங்கம் ஆண்டதாகத்தான் கதையைத் தொடங்க வேண்டும். இந்தக் காட்டை ஆண்டது ஓர் இணையதளம். சிங்கம் அதைத் திறந்துவைத்துவிட்டு மத்தியானச் சாப்பாட்டுக்குப் போய்விட்டது.

தளத்தைக் கட்டியது மயில். கட்டி முடித்ததும் ஸ்கிரிப்ட் ஃபைலைப் பூட்டி, சாவியை யாரிடமும் கொடுக்காமல் அடுத்த காட்டு டெண்டருக்குப் பறந்துவிட்டது. ராஜா கையால் திறந்த ஃபைலில் ஓர் எழுத்தைக்கூட மாற்றக் கூடாது என்று ஆணை வேறு. தப்பாகவே இருந்தாலும் அது ராஜாங்கத் தப்பு. அதற்குரிய மரியாதையைக் கொடுக்க வேண்டும்.

மழைக்குள் தளத்தில் பதிவுசெய்யாத வளைகளை யானை வந்து மிதித்து மூடிவிடும். உடம்பெல்லாம் செதில் மூடிய எறும்புதின்னி, அஞ்சலை என்ற அழுங்கு, குட்டியை வாலில் சுமந்தபடி ஒன்பது நாளாக ஈ-சேவை மையத்துக்கு நடந்தாள். படிவத்தில் 'பற்களின் எண்ணிக்கை' என்று ஒரு கட்டம். அழுங்குக்குப் பல்லே கிடையாது. பூஜ்யம் போட்டால் 'தகுதி இல்லை' என்று சிவப்பில் வந்தது.

"முப்பத்திரண்டுன்னு போடேன்," என்றார் அதிகாரி சதாசிவம். அவர் நரி.

"போட்டேங்கய்யா. வாயைப் போட்டோ எடுத்து ஏத்தச் சொல்லுது."

"அப்போ பல்லு கட்டிக்கிட்டு வா. நாங்க என்ன பண்ண முடியும்?"

மையத்தில் கம்ப்யூட்டர் தட்டும் கீரி இருசப்பனுக்கு இது பொறுக்கவில்லை. அவளைத் தனியே கூப்பிட்டான்.

"அக்கா, ஃபைலைத் தொட முடியாது. ஆனா எல்லாப் பக்கத்துக்கும் அடியில அறிவிப்புப் பெட்டி இருக்கு. அதுல நாம எழுதலாம். ஆமா, இல்லைன்னு முடிவு சொல்றது மயில் எழுதின 'தகுதியா' ஃபங்ஷன். அதே பேர்ல நான் ஒண்ணு எழுதிப் போட்டா, பிரவுசர் பழசை மறந்துட்டுக் கடைசியா வந்ததைத்தான் கேட்கும்."

"தப்பில்லையே தம்பி?"

"ஃபைல்ல ஒரு எழுத்தும் மாத்தலையே அக்கா."

எழுதினான். ஒரே வரி. யார் கேட்டாலும், எதற்குக் கேட்டாலும், 'ஆம்'. அஞ்சலைக்குப் பச்சையில் சான்றிதழ் வந்தது. ஆமைக்கு வந்தது. வளையே கேட்காத கொக்குக்கும் ஒன்று வந்தது. காடே கீரியைக் கொண்டாடியது. சதாசிவம் மட்டும் கொண்டாடாமல் அந்த வரியை இரண்டு முறை படித்தார்.

'எதற்குக் கேட்டாலும்' என்பதில்தான் வம்பு. மயில் சோம்பேறி. தளம் முழுக்க அந்த ஒரே ஃபங்ஷனைத்தான் கூப்பிட்டிருந்தது. வளைக்கும் அதுதான், ரேஷனுக்கும் அதுதான், ராஜாவின் சாப்பாட்டு மெனுவுக்கும் அதுதான். மறுநாள் காலையில் மெனுப் பக்கம் காட்டிலுள்ள எல்லோரையும் பார்த்து 'ஆம்' என்றது. பெயர்களின் அகர வரிசைப்படி முதல் அழைப்பு அஞ்சலைக்கு, அடுத்தது இருசப்பனுக்கு.

கீரி அதிகாரியிடம் ஓடினான். "ஐயா, பெட்டியைத் திறங்க, அந்த வரியை அழிச்சிடறேன்."

"அதுக்கு நேத்தே பூட்டுப் போட்டாச்சு. பாதுகாப்புக் காரணம்."

"லிஸ்ட்ல எல்லாரும் இருக்காங்க. உங்க பேர் மட்டும் இல்லையே?"

"பூட்டுறதுக்கு முன்னாடி உன் வரிக்குக் கீழ நானும் ஒண்ணு போட்டேன். நரின்னா 'இல்லை', மத்தவங்களுக்கு நீ சொன்னதுதான்."

"அதுலயே எங்களையும் சேர்த்திருக்கலாமே ஐயா."

"அது கொள்கை முடிவு. மனு எழுதிக் குடு."

அரண்மனைச் சமையலறையில் அஞ்சலை குட்டியை வயிற்றுக்குள் வைத்துச் சுருண்டுகொண்டாள். சமையல்காரக் கரடி உருட்டிப் பார்த்தது, தட்டிப் பார்த்தது, அலுத்துப்போய் வெளியே தள்ளிவிட்டது. இருசப்பனுக்கு உடம்பில் செதில் கிடையாது.

மழை வந்தது. பதிவான வளைக்குள் குட்டியை அணைத்துக்கொண்டு அஞ்சலை அழுதாள். அந்த மாதம் தளத்தைப் பற்றி ஒரு புகாரும் வரவில்லை என்று மயிலுக்கு விருது கொடுத்தார்கள். மயில் ஊரில் இல்லாததால் சதாசிவமே வாங்கிக்கொண்டார்.

நீதி: ஊருக்கெல்லாம் 'ஆம்' என்று எழுதுமுன் உன் பெயருக்கு 'இல்லை' என்று எழுதிக்கொள், நேரம் மிச்சமிருந்தால் ஊரைக் கவனிக்கலாம்.