புலர்நாட்டின் ஒரே அள்ளு

புலர்நாடு என்றொரு நாடு இருந்தது. பொழுது சாய்ந்தால் அந்த நாடு முழுவதும் நின்றுவிடும். வாயிற்காவலர் முதல் அரசர் வரை எல்லாருடைய அதிகாரமும் விளக்கணைந்ததும் விடியும்வரை ஓய்ந்துவிடும். விடிந்ததும் எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். அன்று எந்தத் தெருவுக்கு வாய்க்கால் நீர், எந்தத் தெருவார் மலையில் கல் உடைக்கப் போக வேண்டும் என்பதையும் விடியலில்தான் முடிவு செய்வார்கள். ஆண்டுக்கு ஒருமுறை பேரமைச்சர் யார் என்பதும் அவ்வாறே முடிவாகும்.

முடிவு செய்வது மனிதர் அல்லர். அரண்மனை மண்டபத்தில் இருந்த ஒரு கற்பொறி. அதன் வாயில் ஒரு கைப்பிடி எதையாவது போட்டுச் சக்கரத்தைச் சுற்றினால், போட்டவை உள்ளே பள்ளம் பள்ளமாக உருண்டு மோதி, அடியில் பெயர்ப்பலகைகளைத் தள்ளிவிடும். பொறிக்குச் சொந்த மனம் கிடையாது. அதே கைப்பிடியை மறுபடி போட்டால் அதே பெயர்கள்தாம் மறுபடி விழும். ஆகவே எதைப் போடுவது என்பதில்தான் நாட்டின் நியாயம் அடங்கியிருந்தது.

விடியலில் புதிதாக எதுவும் கிடைக்காது. ஊர் உறக்கத்தில் இருக்கும். சந்தை வெறுமையாகக் கிடக்கும். அதனால் முந்தின மாலையே, கடை கட்டும் வேளையில், அள்ளுக்காரர் என்னும் குடும்பத்தார் சந்தையைப் பெருக்கி, கிடைத்த கூழாங்கல், புளியங்கொட்டை, வளையல் துண்டு எல்லாவற்றையும் ஒரு பானையில் மூடி வைப்பார்கள்; அதற்கு அள்ளு என்று பெயர். காலையில் பொறியில் போட்டு முடிந்ததும் அந்த அள்ளை ஆற்றில் கொட்டிவிடுவார்கள். போட்ட அள்ளை மறுபடி போடுவது அவர்கள் வீட்டில் எச்சில் இலையில் விருந்து வைப்பதற்குச் சமம். இந்தப் பணிக்கு அவர்கள் கூலி வாங்கியதில்லை. அவையில் அவர்கள் நுழையும்போது அரசரும் எழுந்து நிற்பார். அது போதும் என்றிருந்தார்கள்.

நெடுமொழியார் பேரமைச்சரானதும் அவர் கண்ணில் முதலில் பட்டது இந்தப் பானைதான். தெருக் குப்பை அரண்மனைக்குள் வருவது நாட்டின் பெருமைக்கு இழுக்கு என்று அவர் அறிவித்தார். இனி அள்ளுக்காரர் ஒரு கைப்பிடி நவமணிகளை மட்டுமே பொறியில் போட வேண்டும்; போட்டபின் துடைத்து, அதே பேழையில் வைத்து, மறுநாளும் அவையே போடப்படும். மணிகளை அவரே தேர்ந்தெடுத்தார். அவற்றின் ஒளியைச் சோதிக்க மண்டபத்தை ஒருநாள் முழுவதும் பூட்டிக்கொண்டு பொறியோடு தனியாக இருந்தார்.

அள்ளுக்காரர் குடும்பத்துக்கு அப்போது தலைவி செங்கமலத்தம்மாள். நிமிர்ந்த முதுகும் குறைந்த பேச்சும் உள்ளவர். போட்டதையே போடுவது முறையல்ல என்று அவையில் சொன்னார். அவர் சொன்னது குறித்துக்கொள்ளப்பட்டது.

அன்று முதல் வாய்க்கால் நீர் பேரமைச்சர் குடியிருந்த மாடத் தெருவுக்கே பாய்ந்தது. கல் உடைக்கும் வேலை சுண்ணாம்புக்காரத் தெருவுக்கே விழுந்தது. அத்தெருவார் முறையிட்டபோது, பொறி தடுமாறாமல் ஒரே முடிவைச் சொல்வது நிலையான ஆட்சிக்கு அடையாளம் என்று பதில் வந்தது. ஆண்டுத் தேர்வில் நெடுமொழியார் பெயரே விழுந்தது. அடுத்த ஆண்டும் விழுந்தது. மற்ற ஊர்களிலும் இதே போன்ற பொறிகள் இருந்தன. அந்த ஊர்கள் பின்தங்கிவிடக் கூடாதென்று அதே அளவில் மணிகள் செய்து எல்லா ஊர்ப் பொறிகளுக்கும் அனுப்பினார்கள். நாடெங்கும் பலகை வரிசையில் ஒரே இடத்தில் இருந்த தெருக்கள் ஒரே நாளில் கல் உடைத்தன. ஒற்றுமை என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். மக்கள் மாடத் தெருவுக்குக் குடிபெயர முயன்றதும், தெரு மாறுவது தேசத் துரோகம் என்று சட்டம் வந்தது.

கைகள் காய்த்துப்போன சுண்ணாம்புக்காரத் தெருவார் ஒருநாள் செங்கமலத்தம்மாள் வீட்டு வாசலில் வந்து நின்றார்கள். “போடுற கை சரியில்லம்மா,” என்றார் ஒரு கிழவர். அந்தக் குடும்பம் தலைமுறை தலைமுறையாகக் கேட்டிராத சொல் அது.

அந்தச் சொல் பேரமைச்சரின் காதுக்கு எட்டியது; அவருக்கு அது பிடித்துப்போயிற்று. உடனே ஆணை பிறந்தது. “வரும் தேர்வில் பேரமைச்சரின் பெயர் மீண்டும் விழுந்தால் அது மக்களின் தீர்ப்பாகும். கல் உடைக்கச் சுண்ணாம்புக்காரத் தெருவின் பெயர் மீண்டும் விழுந்தால் அது அள்ளுக்காரரின் மோசடியாகும். மோசடி செய்த குடும்பம் பறையறைந்து நாடு கடத்தப்படும். மணிகளில் ஒன்றைக்கூட மாற்றுதல் ஆகாது.”

அம்மாளின் தம்பி மகன் நாகரத்தினம் பதறிப்போனான்.

“அத்தே, விரலிடுக்குல ஒரே ஒரு புளியங்கொட்டை. யாருக்குத் தெரியப் போவுது?”

“எனக்குத் தெரியும்.”

“பேர் கெட்டு ஊரை விட்டுப் போறதுக்கு இது தேவலையில்ல?”

“திருடாமயே திருடின்னு சொல்றான். திருடிட்டா அவன் சொன்னது நெசமாயிடும்டா. போய் வேலையப் பாரு.”

தேர்வு நாள் வந்தது. தமது வெற்றியை நாடே காண வேண்டும் என்பதற்காகப் பேரமைச்சர் மண்டபக் கதவுகளைத் திறக்கச் சொல்லியிருந்தார். வீட்டுக்கு ஒரு கூடை பூ கொண்டுவர வேண்டும், அவர் மேடை ஏறியதும் தூவ வேண்டும், தூவாத வீட்டுக்குத் தண்டம் என்பதும் அவருடைய ஆணையே. பூ வாங்க வழியில்லாத சுண்ணாம்புக்காரத் தெருவார் வேலி அரளி மொட்டுகளை மடியில் கட்டி, முந்தின நாள் மலையில் உடுத்திய துணியோடே வந்திருந்தார்கள்.

செங்கமலத்தம்மாள் பேழையைத் திறந்து, மணிகளை எல்லார் கண்ணுக்கும் தெரியும்படி உள்ளங்கையில் காட்டி, பொறியின் வாயில் போட்டார். ஒன்றும் குறையவில்லை, ஒன்றும் கூடவில்லை. நாடு கடத்தப்படும் நேரத்தில் உடுத்தவென்று வைத்திருந்த வெள்ளைப் புடவையை அப்போதே உடுத்தியிருந்தார். சக்கரம் சுழன்றது.

கூட்டத்துக்கு நன்றாகத் தெரிய வேண்டுமென்று பேரமைச்சர் மேடையேறிப் பொறியின் வாயருகிலேயே கைகூப்பி நின்றார். ஆணைப்படி பூமாரி பொழிந்தது. செவ்வந்தியும் அரளி மொட்டும், மடிகளில் ஒட்டியிருந்த கல்துகளும் அவர் தலைமேல் விழுந்து, தோளில் வழிந்து, பொறிக்குள் இறங்கின. உள்ளே மணிகளின் ஓசை மாறியது.

பலகைகள் விழுந்தன. கல் உடைக்க மாடத் தெரு. நீர் சுண்ணாம்புக்காரத் தெருவுக்கு. பேரமைச்சர், உப்பு வண்டிக்காரர் மகள் இளவேனி.

“செல்லாது, அரசே,” என்றார் நெடுமொழியார். “பூ விழுந்து முடிவு மாறிவிட்டது.”

செங்கமலத்தம்மாள் அவரைத் திரும்பிப் பார்த்தார். “மாறிடுச்சுன்னு சொல்றீங்களே. மாறாம இருந்தா என்ன விழுந்திருக்கும்னு ஐயாவுக்கு முன்னாடியே தெரியுமா?”

கூட்டத்தில் யாரோ ஒருவர் சிரித்துவிட்டு நிறுத்திக்கொண்டார். அரசர், இத்தனை ஆண்டுகளில் முதன்முறையாக, ஒரு கேள்வியின் முழுப் பொருளும் விளங்கியவராக நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“தெரியுமா, பேரமைச்சரே?”

தெரியும் என்றால், மக்களின் தீர்ப்பு என்றது பொய்யாகும்; அதற்குச் சிறை. நெடுமொழியார் தலையிலிருந்த பூவைத் தட்டினார். “தெரியாது, அரசே.”

“தெரியாததை மாறியது என்று எப்படிச் சொல்வீர்? இறங்கும்.”

சுண்ணாம்புக்காரத் தெருக் கிழவர் அம்மாளின் முன்னே வந்து நின்றார். மன்னிப்புக் கேட்க அவருக்கு வாய் வரவில்லை. “வாய்க்கால்ல தண்ணி வருதும்மா, பொம்பளைங்க ஓடுறாங்க,” என்றார். அம்மாள் தலையசைத்தார்.

நெடுமொழியார் அண்டை நாட்டுக்குச் சென்று ஆலோசகராக இருக்கிறார். அந்த நாட்டில் இப்போது யார் வெல்வார் என்பது தேர்வுக்கு முன்பே தெரிந்துவிடுவதால் மக்களுக்கு வீண் பதற்றம் இல்லையாம்.

புலர்நாட்டில் தேர்வுக்கு மறுநாள் விடியலில் மண்டபம் நிறைந்திருந்தது. முந்தின மாலை சந்தையில் பெருக்கிய புதிய அள்ளைச் செங்கமலத்தம்மாள் பொறியில் போட்டார். என்ன விழும் என்று யாருக்கும் தெரியவில்லை, அரசருக்கும் தெரியவில்லை. நெடுநாளைக்குப் பிறகு எல்லாரும் ஒன்றாக மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்கள். சக்கரம் நின்றது. கல் உடைக்கும் பலகையில் அள்ளுக்காரர் குடியிருந்த வண்டிப்பேட்டைத் தெருவின் பெயர் இருந்தது.

“நம்ம தெருவா, அத்தே?” என்றான் நாகரத்தினம், முகம் சுருங்கி.

“நம்ம தெருதான்டா,” என்றார் செங்கமலத்தம்மாள். சிரித்துக்கொண்டே புடவைத் தலைப்பை இடுப்பில் செருகி, மலைப் பாதையில் எல்லாருக்கும் முன்னால் நடந்தார்.