அசல் செங்கல் நிறம்

ஒரு காட்டில் ஒரு சிங்கம் இருந்தது. அதை இங்கேயே விட்டுவிடுவோம். அது பாட்டுக்குத் தூங்கிக்கொண்டிருக்கிறது, இந்தக் கதையில் அதற்கு வேலை இல்லை. அதே காட்டில் ஓடைக்கு மேற்கே கோவர்த்தனம் என்றொரு முள்ளம்பன்றியார் இருந்தார். நமக்கு வேண்டியவர் அவர்தான்.

அவருடைய முன்னோர் எல்லாரும் வளையில் பிறந்து வளையிலேயே கண்ணை மூடியவர்கள். இவருக்கு மட்டும் சுட்ட செங்கல்லில் வீடு கட்ட வேண்டும் என்ற ஆசை எப்படியோ புகுந்துவிட்டது. ஓடைக்கரைக் களிமண்ணைத் தானே மிதித்தார். தானே அச்சில் போட்டார், தானே சூளை வைத்தார். வெந்த கல் ஒவ்வொன்றையும் தட்டிப் பார்த்து, கணீரென்று சத்தம் வந்தால்தான் சுவரில் ஏற்றினார். வேலை முடிந்த அன்று சாயங்கால வெயில் சுவரில் விழுந்தபோது நாலடி பின்னால் போய் நின்று பார்த்தார். ஒரு கல் கருஞ்சிவப்பு, பக்கத்துக் கல் ஆரஞ்சு, வாசலோரத்தில் ஒன்று லேசாகத் தீய்ந்து போனது. பார்த்துக்கொண்டே இருக்கலாம் போலிருந்தது அவருக்கு.

இருக்க விட்டால்தானே. எதிர்ப் புற்றில் குடியிருக்கும் கீரி தனபாக்கியம் வந்து நின்றது.

"என்ன அண்ணே, பாதியில நிப்பாட்டிட்டீங்க? கை வறண்டு போச்சா?"

"முடிஞ்சிருச்சும்மா."

"எங்க முடிஞ்சிருச்சு? இன்னும் பூசவே இல்லையே."

அந்தக் காட்டில் செங்கல் வெளியே தெரிவதும் உள்பாவாடை வெளியே தெரிவதும் ஒன்று. பார்த்தவர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள், கொஞ்ச தூரம் போனதும் சிரிப்பார்கள். செங்கல் தெரிந்தால் வீடு முடியவில்லை, வீடு முடியவில்லை என்றால் வீட்டுக்காரர் நொடித்துப் போனார் என்று கணக்கு. இந்தக் கணக்கைப் போட்டவர்கள் யார் என்று பார்த்தால், புற்றிலும் பொந்திலும் சருகுக்கு அடியிலும் கிடக்கிற பிராணிகள். அவற்றில் ஒன்றாவது ஆயுளில் ஒரு செங்கல்லைத் தூக்கிப் பார்த்ததில்லை.

சிரிப்பதோடு போயிருந்தால் கோவர்த்தனம் காதில் போட்டுக்கொண்டிருக்க மாட்டார். ஆனால் மகள் குமுதவல்லிக்கு மலைப்பக்கத்திலிருந்து ஒரு சம்பந்தம் வந்திருந்தது. பையன் தங்கமான பையன். பெண்ணுக்கும் பிடித்துப்போய், இரண்டு பேரும் செல்போனில் பேசவும் ஆரம்பித்துவிட்டார்கள். பையனின் அப்பா வைத்திலிங்கம் வந்தார். வாசலில் நின்று சுவரை மேலும் கீழும் பார்த்தார். காபியை நின்றபடியே குடித்தார்.

"வீட்டு வேலை முடியட்டும். முடிஞ்சதும் சொல்லி அனுப்புங்க, தட்டு மாத்திக்கலாம்" என்றார்.

அதுவரை வேறு இடமும் பார்ப்போம் என்று அவர் சொல்லவில்லை. சொல்லாமலே அது எல்லாருக்கும் கேட்டது. குமுதவல்லி உள்ளே போய்ச் சுருண்டு படுத்துக்கொண்டாள்.

"உங்க கல்லு மேல இருக்கிற பாசத்துல பாதி பெத்த பொண்ணு மேல இருந்தா இது நடக்குமா?" என்றாள் மனைவி தில்லைநாயகி.

கோவர்த்தனம் மறுநாளே வண்ண ஆலோசகரைக் கூப்பிட்டார். அப்படி ஒரு தொழில் காட்டில் புதிதாக முளைத்திருந்தது. அந்த வேலையைப் பார்ப்பது யார் என்று நினைக்கிறீர்கள்? பச்சோந்திதான். பெயர் சுகுமாரன். கையில் வண்ண அட்டை எதுவும் கொண்டுவரவில்லை.

"அட்டையெல்லாம் அந்தக் காலம் சார். நானே அட்டை" என்று சொல்லிவிட்டு, சுவரில் ஒரு வெள்ளை வேட்டியைத் தொங்கவிடச் சொல்லி அதன் நடுவில் ஏறி உட்கார்ந்தது.

முதலில் பச்சையானது. "இதுக்குப் பேரு 'மாந்தளிர் மயக்கம்' சார்."

"பச்சையா? கிளிக் கட்சியில சேர்ந்துட்டீங்களா அண்ணே? தேர்தல் வேற வருது" என்றது தனபாக்கியம். அதை யாரும் கூப்பிடவில்லை.

"நானும் அதத்தான் சொல்ல வந்தேன்" என்று சுகுமாரன் மஞ்சளானது.

"புலி ஐயா வீட்டு நிறமாச்சே. அவங்க இந்தப் பக்கம் போறப்ப பார்த்தா என்ன நினைப்பாங்க?"

"நானும் அதத்தான் சொல்ல வந்தேன்." நீலமானது. மயில்கள் சண்டைக்கு வரும் என்றார்கள். சாம்பல் நிறமானது. "நம்ம நிறமே அதானே, சுவரு எது நீங்க எதுன்னு தெரியாமப் போயிடும்" என்றாள் தில்லைநாயகி. வெள்ளையானபோது வேட்டியில் சுகுமாரன் இருக்குமிடமே தெரியவில்லை, ஆளையே காணோமே என்றார்கள். குரல் மட்டும், நானும் அதத்தான் சொல்ல வந்தேன் என்றது.

ஒரு வீட்டுக்குச் சொந்தக்காரர் ஒருவர் என்று நினைத்துக்கொண்டிருந்தவர் கோவர்த்தனம். வெளிச்சுவருக்குக் காடு முழுக்கச் சொந்தம் என்பது அவருக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. எரிச்சலில் முள்ளெல்லாம் சிலிர்த்துக்கொண்டது. வாசற்படியில் போய் உட்கார்ந்துவிட்டார்.

சுகுமாரனுக்கும் களைப்பு. மோர் கேட்டு வாங்கிக்கொண்டு, வேட்டியை விட்டு நகர்ந்து வெறும் சுவரில் சாய்ந்தது. சாய்ந்ததும் அதன் உடம்பு தானாக மாறியது. கருஞ்சிவப்பு, கொஞ்சம் ஆரஞ்சு, வாலோரம் லேசான தீய்ந்த கறுப்பு.

கோவர்த்தனம் நிமிர்ந்து பார்த்தார். படியிலிருந்து எழுந்தே விட்டார்.

"அசையாதீங்க. இதுதான். இந்த நிறம்தான் எனக்கு வேணும்."

சுகுமாரன் தன் வாலை ஒருமுறை பார்த்துக்கொண்டது. தொழில் தெரிந்த பிராணி, உடனே சுதாரித்தது. "அருமையா எடுத்தீங்க சார். இதுக்குப் பேரு 'அசல் செங்கல்'. வெளிநாட்டுல இப்ப இதுதான் ஓடுது."

தில்லைநாயகிக்குப் பிடித்தது. தனபாக்கியத்துக்கே பிடித்தது. எந்தக் கட்சியும் அந்த நிறத்தில் கொடி வைத்திருக்கவில்லை.

கோவர்த்தனத்துக்கு நம்பவே முடியவில்லை. "அப்படின்னா சுவரை இப்படியே விட்டுடலாமே?" என்றார் ஆசையாக.

மூன்று பேரும் அவரைப் பரிதாபமாகப் பார்த்தார்கள்.

"இது எப்படி சார் அசல் செங்கல் ஆகும்?" என்றது சுகுமாரன். "இது வெறும் செங்கல்."

வேலை ஆரம்பமானது. முதலில் சிமெண்டுப் பூச்சு. அவசரம் என்பதால் பூச்சு இறுகுவதற்கு ஒழுங்காகத் தண்ணீர்கூடக் காட்டவில்லை. அதன் மேல் பட்டி, அதன் மேல் பிரைமர், அதன் மேல் அசல் செங்கல் நிறம் இரண்டு கோட்டிங். வாசலோரத்துத் தீய்ந்த கல் சிமெண்டுக்குள் மறைந்தபோது கோவர்த்தனம் ஓடைக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தார். கண்ணில் சிமெண்டுத் தூசி விழுந்துவிட்டதாகச் சொன்னார்.

எல்லாம் முடிந்து பார்த்தால் சுவர் மொழுக்கென்று இருந்தது. ஏதோ குறைகிறது என்றார்கள்.

"செங்கல்லுன்னு தெரியணுமில்ல சார்" என்றது சுகுமாரன். நூல் பிடித்து, வெள்ளைப் பெயிண்டில் சுவர் முழுக்கக் கட்டம் கட்டமாகக் கோடு போட்டார்கள். எல்லாக் கல்லும் ஒரே அளவு, எல்லாக் கல்லும் ஒரே நிறம்.

"இப்பதான் அண்ணே வீடு மாதிரி இருக்கு" என்றது தனபாக்கியம், புற்றிலிருந்து.

மலைப்பக்கத்துக்குச் சொல்லி அனுப்பினார்கள். தட்டு மாற்றுகிற நாளுக்கு முந்தைய நாள் ஒரு மழை பிடித்தது. காலையில் பார்த்தால் வாசலோரத்தில் பூச்சு ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு உதிர்ந்திருந்தது. உள்ளே அந்தத் தீய்ந்த கல். கோவர்த்தனம் யாரும் பார்க்காதபோது அதைத் தட்டினார். கணீரென்றது. இத்தனை நாளில் முதல் தடவையாக அவருக்குச் சந்தோஷமாக இருந்தது.

அதற்குள் வைத்திலிங்கம் வகையறா பழத்தட்டுகளோடு ஓடையைத் தாண்டி வந்துவிட்டார்கள். சட்டென்று கோவர்த்தனம் சுவரில் முதுகைச் சாய்த்து அந்த இடத்தை மறைத்துக்கொண்டார். முள்ளம்பன்றிக்குப் பதற்றம் வந்தால் என்ன ஆகும்? முள்ளெல்லாம் விறைத்து நின்றது. முதுகுக்குப் பின்னால் பூச்சு பொலபொலவென்று கொட்டியது.

"என்ன சம்மந்தி, கொஞ்சம் தள்ளுங்க" என்றார் வைத்திலிங்கம். கோவர்த்தனம் நகர்ந்தார். ஒரு பாய் அகலத்துக்குச் செங்கல் தெரிந்தது.

"அடடா. உள்ள இன்னும் அப்படியேவா இருக்கு?"

பின்னால் வந்தவர்கள் தட்டுகளோடு நின்றுவிட்டார்கள். ஜன்னலில் குமுதவல்லியின் முகம். கோவர்த்தனம் மகளைப் பார்த்தார், கல்லைப் பார்த்தார்.

"அது நீங்க அன்னிக்குப் பார்த்த பழைய சுவருங்க" என்றார். "யாரோ கட்டினது. நாளைக்கே மூடிடுறோம்."

வைத்திலிங்கம் மூச்சு விட்டார். "அதானே. நீங்க கட்டினதா இருந்தா இவ்வளவு கண்றாவியா இருக்காதே." பக்கத்தில் கோடு போட்ட சுவரைப் பிரியமாகத் தடவினார். "இங்க பாருங்க, இதுதான் செங்கல்லு."

தட்டு மாற்றிக்கொண்டார்கள். குமுதவல்லி சிரித்தாள். மறுநாள் கோவர்த்தனம் தன் கையாலேயே சிமெண்டு குழைத்து அந்த இடத்தை மூடினார். இந்தத் தடவை தண்ணீர் காட்ட மறக்கவில்லை.

நீதி: உங்களிடம் அசல் இருந்தால் அதன் மேல் கனமாகப் பூசி, பூச்சின் மேல் அதே அசலை வரைந்து வையுங்கள். பெண்ணுக்கு நல்ல இடம் அமையும்.