என் அறிமுகத்துக்கு வழிவிட்ட மாப்பிள்ளை

மேடையில் பேசிப் பழகியவனுக்கு ஒரு வியாதி உண்டு. காற்று வீசினாலும் அது தன் பெயரைச் சொல்லிக்கொண்டுதான் வீசுகிறது என்று நம்புவான். அந்த வியாதி எனக்கு நன்றாக முற்றியிருந்த பருவத்தில்தான் கவிதா அக்காவுக்குக் கல்யாணம் நிச்சயமானது.

அக்கா ஒரு தனியார் பள்ளியில் கம்ப்யூட்டர் டீச்சர். நகை, புடவை, பந்தல், பந்தி எதிலும் அவள் வாய் திறக்கவில்லை. கேட்டது ஒன்றே ஒன்று. மாப்பிள்ளை அழைப்பன்று, மண்டப வாசலில் அவர் காரை விட்டு இறங்கும் கணத்தில் தான் தேர்ந்தெடுத்த பாட்டு ஒலிக்க வேண்டும். அந்தப் பாட்டை முதலில் வைத்து, மற்ற பாட்டுகளையும் பொறுக்கியெடுத்து ஒரு போல்டரில் அடுக்கி, பென் டிரைவை என் உள்ளங்கையில் வைத்தாள்.

“இத மைக்செட்டு செல்வண்ணன்ட்ட குடுத்துரு. நடுவுல வேற எங்கிட்டும் சொருகாத. என்னடா, காதுல விழுந்துச்சா?”

விழுந்தது. ஆனால் என் காதுகள் அப்போது இன்னும் பிறக்காத கைதட்டலைக் கேட்டுக்கொண்டிருந்தன. கல்யாணத்தன்று வரவேற்புரை என்னுடையது. உரைக்கு முன் உரையாளனுக்கு ஓர் அறிமுகம் வேண்டாமா? அதைச் செய்யத் தகுந்த ஆள் எங்கள் ஊரான வல்லத்திராக்கோட்டை முழுவதிலும் எனக்குத் தென்படவில்லை. (தேடவும் இல்லை.) ஆகவே என் குரலையே சற்றுத் தடிக்கவைத்து, என்னைப் பற்றி நானே பேசிப் பதிவு செய்து, அதே பென் டிரைவில் போல்டருக்கு வெளியே தனியாக ஏற்றினேன். பிறகு உரையை அச்செடுக்கப் புதுக்கோட்டையில் ஒரு ஜெராக்ஸ் கடைக்குப் போனேன்.

“தம்பி, இந்த சிஸ்டத்துல வைரஸ் இருக்குங்க. மெயில்ல அனுப்பிருங்களேன்” என்றார் கடைக்காரர்.

“கிருமிக்கு அஞ்சி மூச்சு விடாமல் இருப்போமா அண்ணே?” என்று முழங்கினேன். கடையில் நின்ற இருவர் சிரித்தார்கள். இரண்டு பேர் சிரித்தால் எனக்கு அது மாநாடு.

அந்த மாநாட்டில்தான் புழு உள்ளே நுழைந்தது. பென் டிரைவில் ஏறி ஊர் ஊராகப் போகும் வைரஸ் வகை அது. உண்மையான போல்டரை மறைத்துவிட்டு, அதே பெயரில் ஒரு பொம்மைப் போல்டரை வாசலில் நிறுத்திவைக்கும். பொம்மையின் காலடியில், இது வெறும் ஷார்ட்கட் என்று காட்டிக்கொடுக்கும் வளைந்த சிறு அம்புக்குறி ஒன்று இருக்கும். அதை நான் பார்த்தேன். அழகாக இருக்கிறதே என்றும் நினைத்தேன்.

கல்யாணத்துக்கு முந்தைய நாள், மாப்பிள்ளை அழைப்பன்று காலை, இலுப்பூர் மண்டபத்தில் செல்வண்ணன் தம் லேப்டாப்பில் அந்தப் பொம்மையைத் தட்டினார். பாட்டுகள் வரிசையாகத் தெரிந்தன. (நம்பவைப்பதற்காக மறைத்த போல்டரையும் புழு திறந்து காட்டும். அதே தட்டலில் தானும் லேப்டாப்புக்குள் இறங்கிவிடும்.) திருப்தியோடு வெளியே வந்து, வாசலில் தெரிந்தவற்றை மட்டும் காப்பி செய்தார். கண்ணிமைக்கும் நேரத்தில் முடிந்தது.

“என்னா ஸ்பீடு பாத்தீங்களா தம்பி! புது லேப்டாப்பு.”

நானும் வியந்துவிட்டுப் பென் டிரைவை உருவிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். ஏறியது பொம்மையும் என் அறிமுகமும் மட்டுமே என்பது இருவருக்கும் தெரியாது.

மாலை கனிந்தது. கண்மாய்த் தண்ணீர் வானத்தின் மஞ்சளை வாங்கி வைத்துக்கொண்டு அசையாமல் கிடந்தது. தென்னையில் கட்டிய ஒலிபெருக்கிக் குழாய்களிலிருந்து நாதஸ்வரம் மிதந்துவந்து வயல்களின் மேல் கரைந்தது. உலகமே ஒரு பெரிய அவையாகி, நான் எழுந்து பேசுவதற்காகக் காத்திருப்பதாக எனக்குத் தோன்றியது. பூச்சூடிய கார் வாசலில் வந்து நின்றது. அத்தைமார் ஆரத்தித் தட்டோடு முன்னால் நகர்ந்தார்கள். மாடி ஜன்னலில் அக்காவின் முகம்.

செல்வண்ணன் போல்டரைத் தட்டினார். திறக்கவில்லை. மறுபடி தட்டினார். பதறிப்போய், பக்கத்தில் இருந்த இன்னொன்றைத் தட்டினார்.

“வழிவிடுங்கள்! வழிவிடுங்கள்! இதோ வருகிறார் செந்தமிழ்ச் சூறாவளி! நின்றால் மலை! நிமிர்ந்தால் வானம்! விலகி நின்று வரவேற்பீர்!”

காரின் கதவு பாதி திறந்தது. தயங்கியது. மெல்லச் சாத்திக்கொண்டது. பின்விளக்கு எரிய, கார் பின்னால் நகர்ந்து, தெருமுனை திரும்பி மறைந்தது.

“ஆத்தி! மாப்பிள்ளை திரும்பிப் போறாருடி!” என்று அலறினாள் பெரிய அத்தை.

“சீர்ல எதுவும் கொறையா?” என்றது ஒரு குரல். “பொண்ணு போட்டோவ இப்பத்தான் பாத்தாரோ?” என்றது இன்னொன்று. குழாயில் நான் மட்டும் திரும்பத் திரும்ப வந்துகொண்டே இருந்தேன்.

செல்வண்ணன் முகம் வெளுத்து என் பென் டிரைவை வாங்கிச் சொருகினார். “இது கெட்டுப்போச்சு தம்பி, பார்மேட் பண்ணிருவோம்.” அப்படிச் செய்தால் உள்ளே இருப்பதெல்லாம் அழிந்துபோகும் என்பது எனக்கு அரைகுறையாகத்தான் தெரியும். ஆனால் ‘நிறுத்துங்கள், எனக்குத் தெரியவில்லை’ என்று சொல்லிப் பழகாதவன் நான். கம்பீரமாகத் தலையசைத்தேன்.

“கைய எடுங்கண்ணே!”

பட்டுப்புடவையைத் தூக்கிப் பிடித்தபடி அக்கா நின்றாள். முதலில் என் குரலை நிறுத்தினாள். பிறகு திரையில் பொம்மைப் போல்டரின் அளவைப் பார்த்தாள். 1 KB.

“இத்தனை பாட்டு ஒரு கேபில எப்புட்றா அடங்கும்? பெரிய பேச்சாளன்னா கணக்குத் தெரியக் கூடாதா?”

மாப்பிள்ளை திரும்பிப் போய்விட்டார் என்று ஊரே கலங்கும்போது அவள் விரல்கள் மட்டும் கலங்கவில்லை. ஓடிக்கொண்டிருந்த புழுவை நிறுத்தினாள். பொம்மையையும், புழு பதுங்கியிருந்த ஒரு பைலையும் அழித்தாள். கறுப்புத் திரையில் ஒரே ஒரு கட்டளை வரி தட்டினாள். மறைந்திருந்த போல்டர், பனி விலகித் தெரியும் குன்றைப்போல் மெல்ல எழுந்து வந்தது.

“இத முழுசா ஸ்கேன் பண்ணாம வேற எதையும் இதுல சொருகாதீங்கண்ணே” என்றவள், என் பக்கம் திரும்பினாள். அப்போதுதான் அவள் குரல் உடைந்தது. “போடா. போயி அவரு ஏன் போனாருன்னு கேட்டுட்டு வா.”

ஓடினேன். கண்மாய்க் கரையில் கார் நின்றது. மாலையும் கழுத்துமாக மாப்பிள்ளை அமைதியாக உட்கார்ந்திருந்தார்.

“மச்சான், ஏன் வந்துட்டீங்க?”

“யாரோ பெரிய ஆளு வாராரு, வழிவிடுங்கன்னாங்க. நம்ம காரு வாசலை அடைச்சுக்கிட்டு நிக்கலாமா? அவரு வந்துட்டாராங்க?”

“இல்லை.”

“எப்ப வருவாராம்?”

என் வாழ்நாளின் மிகச் சிறிய உரையை அப்போதுதான் ஆற்றினேன். “வந்துட்டாரு மச்சான். நான்தான்.”

அவர் என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். வியர்வை, ஒற்றைச் செருப்பு, அவிழ்ந்த வேட்டி நுனி. அவர் சிரிக்கத் தொடங்கிய நேரத்தில், தண்ணீரின் மேல் தவழ்ந்து அக்காவின் பாட்டு வந்து சேர்ந்தது. சிரிப்பு அப்படியே நின்றது.

“இது கவிதா போன்ல சொன்ன பாட்டுல்ல?” என்றார் மெதுவாக. “ஏறு மாப்ள. மொதல்லேருந்து போடச் சொல்லு. நான் இன்னும் எறங்கவே இல்லையே.”

மச்சானின் ஊரான குன்றாண்டார்கோவிலிலிருந்து அவர்கள் இன்றும் எங்கள் வீட்டுக்கு வருகிறார்கள். வாசலில் கார் நிற்கும். அக்கா இறங்கிவிடுவாள். மச்சான் இறங்கமாட்டார். ஹார்ன் அடித்துவிட்டு, கண்ணாடியை இறக்கிப் பணிவாகக் கேட்பார்: “மாப்ள, அந்தப் பெரியவரு உள்ள போயாச்சா? நான் எறங்கலாமா?”

எத்தனையோ அவைகளில் மறுமொழிக்குப் பஞ்சமில்லாத நான், கேட்டைத் திறந்துவிட்டுச் சுவரோரமாக ஒதுங்கி நிற்பேன்.